சிலிகாவில் ஓங்கில் காணும் படகுகள்

ஒடிசா மாநிலக் கடற்கரையில், பூரி நகருக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், சாதபடா என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. சிலிகா ஏரியின் நீர் கடலை நாடிச் செல்லும் கால்வாயின் கரையில் அமைந்த ஊர் இது. முன்பெல்லாம் இங்கிருந்து புறப்பட்ட படகுகள் மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் வலைவிரிக்கவே சென்றன. இன்று அவற்றுடன் வேறொரு வகைப் படகுகளும் துறையை விட்டுக் கிளம்புகின்றன. இவற்றில் வலை இல்லை, பார்வையாளர்களே இருக்கின்றனர். சிலிகாவில் வாழும் டால்பின்களையும், குளிர்காலத்தில் வந்து தங்கும் நீர்ப்பறவைகளையும் காண்பதற்காக அவர்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வருகின்றனர். டால்பினைத் தமிழகக் கடற்கரை மீனவர்கள் ஓங்கில் என்பர். அப்பெயரையே இக்கட்டுரையிலும் கையாளலாம்.

இந்தப் படகுப் பயணம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் ஓங்கிலொன்று நீரைப் பிளந்து தலை காட்டவேண்டுமாயின், அதற்குப் பின்னணியில் பல காரியங்கள் நடந்தேறியிருக்க வேண்டும். கடல்நீர் ஏரிக்குள் வந்துபோக வழி இருக்கவேண்டும், மீன் பெருகவேண்டும், வலையிலும் படகின் விசிறியிலும் ஓங்கில் சிக்காதிருக்க வேண்டும். மீனை விற்றுப் பிழைத்தவர்கள், மீனைத் தின்று வாழும் உயிரினத்தைக் காட்டிப் பிழைக்க முன்வந்திருப்பது வரவேற்கத்தக்க மாற்றம். எனினும், எந்த உயிரினத்தை நம்பி இத்தொழில் நடைபெறுகிறதோ அதனையே இத்தொழில் விரட்டிவிடவும் கூடும். சிலிகாவின் அனுபவம் நாட்டின் பிற கடற்கரைப் பகுதிகளுக்கும் பாடமாக அமைவது இதனால்தான்.

உப்பும் இனிப்பும் கலக்குமிடம்

சிலிகா வெறும் ஏரியன்று. கடலிலிருந்து மணல் திட்டினால் பிரிக்கப்பட்ட காயல். பூரி, குர்தா, கஞ்சம் ஆகிய 3 மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு கடற்கரையை ஒட்டி நீளவாக்கில் பரந்து கிடக்கிறது. கோடையில் ஏறத்தாழ 906 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும் இதன் நீர்ப்பரப்பு, மழைக்காலத்தில் 1,165 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவான பழவேற்காடு ஏரியும் இவ்வகையைச் சேர்ந்ததே. நாட்டின் உவர்நீர்க் காயல்களில் சிலிகா முதலிடமும் பழவேற்காடு இரண்டாமிடமும் பெறுகின்றன.

வடபுறத்தில் மகாநதியின் கிளையாறுகளான தயா, பார்கவி முதலியன நன்னீரையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. கலிங்கப் போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் தௌலிக் குன்றினருகே ஓடுவது இந்தத் தயா ஆறுதான். மேற்கிலிருந்து சிற்றாறுகள் பல வந்து சேர்கின்றன. கிழக்கே முகத்துவாரத்தின் வழியாக வங்கக் கடலின் உப்புநீர் ஏறி இறங்குகிறது. ஆகவே ஏரியின் வடபகுதியில் நீர் இனிப்பாகவும், முகத்துவாரத்தருகே கடல்நீருக்கு நிகரான உப்பாகவும், இடைப்பகுதியில் இரண்டும் கலந்தும் இருக்கும். இந்த நிலையும் நிலையானதன்று. வெள்ளக் காலத்தில் நன்னீரின் கை ஓங்கும். கோடையில் கடல்நீரின் கை ஓங்கும்.

சிலிகாவின் வளத்துக்கு மூலகாரணம் இந்த ஏற்றத்தாழ்வே. கடலில் பிறந்த இறால் குஞ்சுகளும் பலவகை மீன் குஞ்சுகளும் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைந்து, ஆழம் குறைந்த அமைதியான நீரில் வளர்ந்து, பருவம் வந்ததும் இனப்பெருக்கத்துக்காகக் கடலுக்குத் திரும்புகின்றன. முகத்துவாரம் திறந்திருந்தால் ஏரி செழிக்கும். அது தூர்ந்தால் ஏரி நோய்வாய்ப்படும். ஏரியைச் சுற்றியுள்ள நூற்றுக்கு மேற்பட்ட மீனவ கிராமங்களில் வாழும் சுமார் 2 லட்சம் மக்களின் பிழைப்பு இந்த ஒரு வாயிலைச் சார்ந்தே இருக்கிறது.

தாவிக் குதிக்காத ஓங்கில்

சிலிகாவில் நிலையாக வாழ்வது ஐராவதி ஓங்கில் என்னும் இனம். பர்மாவின் ஐராவதி ஆற்றின் பெயரை அது பெற்றிருந்தாலும், அறிவியல் உலகுக்கு முதன்முதலில் அறிமுகமானது இந்தியக் கீழைக் கடற்கரையிலிருந்துதான். 1852-ல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கிடைத்த ஒன்றைக் கொண்டே, ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கிலேய விலங்கியலார் 1866-ல் இவ்வினத்தை விவரித்தார்.

திரைப்படங்களிலும் காட்சிச்சாலைகளிலும் துள்ளிக் குதிக்கும் ஓங்கிலை எண்ணிக்கொண்டு வருவோருக்கு இது சிறிது ஏமாற்றம் தரக்கூடும். நீண்ட மூக்கு இதற்கு இல்லை. தலை உருண்டையாகவும் நெற்றி மொழுமொழுப்பாகவும் இருக்கும். முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. வளர்ந்த ஓங்கில் 2 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ளது, நிறம் சாம்பல். மூச்சு வாங்குவதற்காக நீர்மட்டத்துக்கு வந்து, தலையையும் முதுகையும் ஓரிரு விநாடி காட்டிவிட்டு ஓசையின்றி மூழ்கிவிடும். துள்ளுவது அரிது. அடுத்தபடியாக எங்கே எழும் என்று சொல்வதும் எளிதன்று. எனவே பயணிக்குத் தேவைப்படுவது வேகமான படகு அன்று, பொறுமையே.

அனுபவமுள்ள படகோட்டிகள் நீரை மட்டுமன்றி வானத்தையும் கவனிப்பார்கள். ஆலாக்கள் கூட்டமாக வட்டமிட்டு, தலைகீழாக நீரில் பாயும் இடத்தில் மீன் திரள் இருக்கும். மீன் திரள் உள்ள இடத்துக்கு ஓங்கிலும் வரக்கூடும். சாதபடாவை ஒட்டிய வெளிக்கால்வாய்ப் பகுதி ஓங்கில்கள் அதிகம் நடமாடும் இடமாகும். கடலுக்கும் ஏரிக்கும் இடையே மீன்கள் போக்குவரத்துச் செய்யும் வழி அதுவே என்பது காரணம்.

மீனவருக்கும் ஓங்கிலுக்கும் சிலிகாவில் பெரும் பகை இருந்ததில்லை. ஓங்கில் மீனை வலைப்பக்கம் விரட்டித் தருவதாகவே மீனவர்கள் பலர் கூறுகின்றனர். ஐராவதி ஆற்றில் வீச்சுவலை மீனவர்களும் ஓங்கில்களும் ஒன்றுக்கொன்று சைகை காட்டி மீன்பிடிப்பது புகழ்பெற்ற செய்தி.

உலகில் இவ்வினம் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பட்டியலில் 2017-ல் சேர்க்கப்பட்டது. காயல்களில் இது நிலைத்து வாழும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றான தாய்லாந்தின் சோங்க்லா ஏரியில் எஞ்சியிருப்பவை 20-க்கும் குறைவு. சிலிகாவில் 2003-ல் எடுத்த கணக்கில் 89 ஓங்கில்கள் இருந்தன. அண்மை ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் இத்தொகை 150 அளவில் இருந்து வருகிறது. ஒரு தாய் ஓங்கில் ஏறத்தாழ 14 மாதம் கருவைச் சுமந்து ஒரே குட்டியை ஈனும். எனவே ஓராண்டில் நான்கைந்து ஓங்கில்கள் கூடுதலாக மடிந்தாலும், அந்த இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் வேண்டும். 150 என்பது மகிழ்ச்சி தரும் எண்ணே. ஆனால் கவலையை அகற்றும் எண் அன்று.

அடைபட்ட வாயிலும் திறந்த வாயிலும்

1980-களிலும் 1990-களிலும் சிலிகாவின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் ஏரியின் அடியில் படிந்தது. கடலலைகள் கரையோரமாகத் தள்ளிக்கொண்டு வந்த மணலால் பழைய முகத்துவாரம் வடகிழக்காக நகர்ந்து, ஒடுங்கிப்போயிற்று. நீண்டு வளைந்த கால்வாயில் கடல்நீர் ஏறிவருவதற்குள் அதன் வேகம் அடங்கிவிட்டது. உப்பு குறையவே நன்னீர்க் களைகள் ஏரியெங்கும் பரவின. குஞ்சு மீன்கள் உள்ளே வரும் வழியும் தடைப்பட்டது.

1980-களின் நடுவில் ஆண்டுக்கு 8,000 டன்னைத் தாண்டியிருந்த மீன்பிடிப்பு, 1999-2000-ல் 1,750 டன் அளவுக்கு இறங்கியது. இதே காலத்தில் இறாலுக்கு ஏற்பட்ட ஏற்றுமதி மதிப்பு வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. ஆழமற்ற நீர்ப்பரப்பில் மூங்கிலும் வலையும் கொண்டு வேலியடைத்து இறால் வளர்க்கும் பண்ணைகள் பெருகின. மரபுவழி மீனவரின் வலைத்தளங்கள் சுருங்கின. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் கூடாதெனத் தீர்ப்பளித்தது. எனினும் வேலிகள் முழுவதும் மறையவில்லை. பண்ணைகளை அகற்றக்கோரிய போராட்டத்தின்போது, 1999 மே மாதத்தில் சோரானா என்னும் ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் உயிரிழந்தனர். ஏரியின் நோய் மக்களின் வாழ்வை எவ்வளவு ஆழமாகத் தாக்கியிருந்தது என்பதற்கு இது சான்று.

சிலிகா 1981-லேயே ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலமாக ஏற்கப்பட்டிருந்தது. கேவலாதேவ் பறவைகள் சரணாலயத்துடன் இந்தியாவிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் இரண்டில் ஒன்று அது. ஆனால் 1993-ல், இயல்பு கெட்டுவரும் நீர்நிலங்களுக்கான மோந்த்ரூ பதிவேட்டில் அதன் பெயரை எழுதவேண்டியதாயிற்று. 1990-களின் தொடக்கத்தில் ஒடிசா அரசு சிலிகா மேம்பாட்டு ஆணையத்தை ஏற்படுத்தியது. பூனாவிலுள்ள மத்திய நீர் மற்றும் மின்சார ஆராய்ச்சி நிலையம் முதலிய நிறுவனங்களின் ஆய்வுகளைக்கொண்டு, எந்த இடத்தில் மணல் திட்டை வெட்டினால் கடல்நீர் தங்குதடையின்றி வரும் என்பது கணிக்கப்பட்டது. 2000 செப்டம்பர் 23-ஆம் நாள் சாதபடாவுக்கு எதிரேயுள்ள சிபகுடாவில் புதிய முகத்துவாரம் திறக்கப்பட்டது. கடலுக்குச் செல்லும் வழி இதனால் 18 கிலோமீட்டர் குறுகியது.

பலன் விரைவாகவே தெரிந்தது. உப்புநீர் உள்ளே ஏறியதும் களைகள் பின்வாங்கின. 2001-02-ல் மீன்பிடிப்பு ஏறத்தாழ 12,000 டன்னை எட்டியது. 2002-ல் சிலிகாவின் பெயர் மோந்த்ரூ பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆசியாவில் அவ்வாறு மீண்ட முதல் நீர்நிலம் இதுவே. அதே ஆண்டு ராம்சர் விருதும் கிடைத்தது. பிற்காலத்தில், 2017-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எஞ்சிய இறால் வேலிகள் பெருமளவில் அகற்றப்பட்டபோது, முன்பு அடைபட்டிருந்த பகுதிகளிலும் ஓங்கில்கள் நடமாடத் தொடங்கின.

முகத்துவாரம் ஒருமுறை வெட்டியதோடு முடிந்துபோகும் பணி அன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2019 மே 3-ஆம் நாள் கரையைக் கடந்த பானி புயல் மணல் திட்டை உடைத்துப் புதிய வாய்களைத் திறந்துவிட்டது. கடலும் ஆறும் சேர்ந்து எழுதும் கணக்கை ஆண்டுதோறும் கவனித்துவருவதே ஏரியைப் பராமரிப்பதன் சாரம்.

நாணற்காட்டு விருந்தினர்

சாதபடாவிலிருந்து செல்லும் படகுகள் பொதுவாக ஓங்கில் நடமாடும் கால்வாயைக் கடந்து, முகத்துவாரத்தருகேயுள்ள மணல் திட்டுவரை போய்த் திரும்பும். ஒருபுறம் அமைதியான காயல், மறுபுறம் அலைமோதும் வங்கக் கடல் என இரண்டையும் ஒரே இடத்தில் நின்று காணலாம். கடற்காகங்களும் ஆலாக்களும் இங்கே கூட்டங்கூட்டமாக மணலில் அமர்ந்திருக்கும். குளிர்காலத்தில் இங்கு வரும் பழுப்புத்தலைக் கடற்காகம் அப்போது பெயருக்குப் பொருந்தாத வெள்ளைத் தலையுடன் காணப்படும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளியே அடையாளம். லடாக், திபெத் ஆகிய பீடபூமிகளின் ஏரிக்கரைகளில் கூடு கட்டும்போதுதான் தலை பழுப்பு நிறம் பெறும். கடற்பறவை எனப் பெயர் பெற்றது, கடல் கண்ணுக்கெட்டாத மலைநாட்டில் பிறந்து வளர்வது வியப்புக்குரியது. ஆலாக்களில் பெரியதான காஸ்பியன் ஆலாவைச் சிவந்த தடித்த அலகால் எளிதில் அறியலாம். வெண்வயிற்றுக் கடற்கழுகும், மீனைக் காலால் பற்றிச்செல்லும் விராலடிப்பானும், செம்பருந்தும் நீர்ப்பரப்பின்மேல் வட்டமிடும்.

பறவைகளின் பெருந்திரளைக் காண்பதற்கு ஏரியின் நடுப்பகுதியிலுள்ள நளபனத் தீவை நாடவேண்டும். நளம் என்பது நாணல். பனம் என்பது வனம். நாணற்காடு என்ற பொருளுடைய இத்தீவு சுமார் 15.5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும். வெள்ளம் வடியும்போது சேறும் புல்லுமாக மெல்லத் தலைதூக்கும். அந்த நேரத்தில்தான் வடதிசைப் பறவைகள் வந்து சேர்கின்றன. இமயத்தைக் கடந்துவரும் வரித்தலை வாத்து, ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, கருவால் மூக்கன், பூநாரை, பலவகை உள்ளான்கள் எனப் பட்டியல் நீளும். ஆழம் குறைந்த நீரில் வாத்துகள் புல்லையும் நீர்ச்செடியையும் மேய, சேற்றில் உள்ளான்கள் புழுக்களைத் தேட, கால் நீண்டவை சற்று ஆழத்தில் நின்று இரை கொள்ளும். ஒரே தீவில் இத்தனை இனங்கள் பூசலின்றி உண்ண முடிவது, நீரின் ஆழம் அடிக்கு அடி மாறுவதால்தான்.

நளபனம் 1987-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஜனவரியில் ஏரி முழுவதும் எடுக்கப்படும் கணக்குகளில் அண்மை ஆண்டுகளில் பறவைகளின் தொகை 10 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

மங்களாஜோடி காட்டும் முன்னுதாரணம்

ஏரியின் வடகரையில், நாணலும் சேறும் நிறைந்த பகுதியில், மங்களாஜோடி என்னும் ஊர் உள்ளது. இவ்வூரார் பலர் ஒரு காலத்தில் பறவைகளை வேட்டையாடி விற்றுப் பிழைத்தனர். எந்தப் பறவை எந்நேரத்தில் எங்கே இரை தேடும், எங்கே உறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வேட்டையின் விளைவாகப் பறவைகள் சில ஆயிரங்களாகக் குறைந்துபோயின.

பறவைப் பாதுகாப்பில் ஈடுபட்ட தொண்டர்களின் நீண்ட முயற்சிக்குப் பிறகு, 2000-ஆம் ஆண்டில் வேட்டையைக் கைவிட்டவர்களே ஒன்றுசேர்ந்து மகாவீர் பட்சி சுரக்ஷா சமிதி என்னும் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். வேட்டைக்குப் பயன்பட்ட அறிவு காவலுக்குப் பயன்பட்டது. பின்னர் அதுவே பயணிகளுக்கு வழிகாட்டவும் உதவியது. இங்குள்ள படகுகளில் இயந்திரம் இல்லை. நீளமான மூங்கில் கழியை ஊன்றி, ஒலியின்றி நாணலூடே தள்ளிச்செல்கின்றனர். பறவைகள் அஞ்சிப் பறப்பதில்லை. பயணிகளும் மிக அருகிலிருந்து காண முடிகிறது. பறவைகள் மீண்டும் லட்சக்கணக்கில் வரத் தொடங்கின. 2018-ல் உலகச் சுற்றுலா நிறுவனத்தின் விருது இவ்வூர் முயற்சிக்குக் கிடைத்தது.

மங்களாஜோடியின் வெற்றி எதனால் வந்தது? பறவையைக் கொன்றால் ஒருமுறை வருமானம். காத்தால் ஒவ்வோராண்டும் வருமானம் என்பதை மக்கள் கண்கூடாகக் கண்டனர். அந்த வருமானம் வெளியாரிடம் செல்லாமல் ஊருக்குள்ளேயே தங்கியது. சட்டத்தின் தடை மட்டும் இருந்து, மாற்றுப் பிழைப்பு இல்லாதிருந்தால் இம்மாற்றம் இவ்வளவு உறுதியாக வேரூன்றியிருக்குமா என்பது ஐயமே.

படகே பகையாகும்போது

சாதபடாவின் நிலை இதினும் சிக்கலானது. இங்கே தொலைவு அதிகம், நீரோட்டமும் உண்டு. கழியூன்றிச் செல்வது இயலாது. இயந்திரம் தேவைப்படுகிறது. மீன்வளம் சரிந்த காலத்தில் மீனவர் பலர் தம் படகுகளைப் பயணிகளுக்காகத் திருப்பினர். மீன் கிடைக்காத நாளில் குடும்பத்தைக் காத்தது அத்தொழிலே. ஆகவே படகுகளைக் குறைகூறி ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஆயினும் அவற்றால் நேரும் தீங்கை மறைப்பதும் முறையன்று.

முதலாவது தீங்கு ஒலி. சிலிகாவின் நீர் கலங்கலானது. கண்ணால் இரை தேட முடியாது. ஓங்கில் நுண்ணிய ஒலிகளை எழுப்பி, அவை மீனின்மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டே இரையின் இடத்தை அறிகிறது. தாயும் குட்டியும் ஒன்றையொன்று தொடர்வதும் ஒலியால்தான். நீரில் ஒலி காற்றில் செல்வதைப்போல் 4 மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும். இரண்டு மூன்று மீட்டர் ஆழமே உள்ள கால்வாயில் பத்துப் படகுகள் ஒருசேர இரையுமானால், ஓங்கிலுக்கு அது சந்தைக் கூச்சலில் காதோடு பேச முயல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, நீருக்கடியில் சுழலும் விசிறி. மூச்சுவாங்க மேலே வரும் ஓங்கில், குறிப்பாகக் குட்டி, வேகமாக வரும் படகின் விசிறியில் அடிபட நேர்கிறது. மூன்றாவது, வலை. செவுள் வலையில் மாட்டிக்கொண்ட ஓங்கில் மேலே வர இயலாமல் மூச்சடைத்து மடிகிறது. இது பார்வையாளர் படகுகளால் நேர்வதன்று. எனினும் படகுகளுக்கு அஞ்சி ஓங்கில் தன் வழக்கமான வழியை விட்டு விலகினால், வலை நிறைந்த பகுதிக்குள் சென்றுவிடும் அபாயம் உண்டு.

இதில் ஒரு பொருளாதார நுட்பமும் அடங்கியிருக்கிறது. ஓங்கில் கூட்டமொன்று தென்பட்டதும், எல்லாப் படகுகளும் அங்கே விரைகின்றன. அருகே செல்லும் படகின் பயணிகள் மகிழ்ந்து படகோட்டியைப் பாராட்டுவர். சற்று அதிகப் பணமும் தரக்கூடும். ஒதுங்கி நிற்பவருக்கு நஷ்டம். எனவே ஒவ்வொருவரும் முந்த முயல்கின்றனர். அதன் முடிவில் ஓங்கில் நீண்ட நேரம் மூழ்கியிருக்கிறது. அல்லது இடத்தைவிட்டே அகன்றுவிடுகிறது. எல்லாருக்கும் காட்சி குறைகிறது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் செய்வதும் அவரவர்க்கு ஆதாயம். மொத்தத்தில் எல்லாருக்கும் இழப்பு. கட்டுப்பாடற்ற மீன்பிடிப்பில் நடப்பதும் இதுவேயாகும்.

முறைவைத்துப் பகிர்தல்

மீன்பிடிப்பில் இச்சிக்கலுக்கு நம் கடற்கரை மக்கள் வெகுகாலத்துக்கு முன்பே விடை கண்டிருந்தனர். பழவேற்காட்டில் 'பாடு' என்னும் முறை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. நல்ல மீன்பாடுள்ள இடங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்காமல், உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்து வலையிடுவர். இன்றைக்கு ஒருவருக்கு நல்ல இடம் கிடைத்தால் பின்னொரு நாள் மற்றவருக்குக் கிடைக்கும். சிலிகாவிலும் எந்த ஊரார் எந்தப் பகுதியில் எவ்வகை வலையைப் பயன்படுத்தலாம் என்பதற்கு மரபான வரையறைகள் இருந்தன. 1959-ல் ஏற்பட்ட மத்திய மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக மீன்பிடி இடங்கள் ஊர்ச் சங்கங்களுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன.

இந்த மரபை ஓங்கில் காட்டும் தொழிலுக்கும் நீட்டிக்கலாம். படகுத்துறையில் பயணிகளை ஏற்றுவதற்குப் படகோட்டிகள் சங்கமாகச் சேர்ந்து முறைவைத்திருக்கிறார்கள். கரையில் இருக்கும் இந்த முறை ஓங்கிலின் அருகிலும் இருக்கவேண்டும். ஒரு கூட்டத்தின் பக்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று படகுகளுக்கு மேல் நில்லாமை, குறித்த நேரத்துக்குப் பின் அடுத்த படகுக்கு வழிவிடுதல், கூட்டத்தைச் சுற்றி வளைக்காமை, குட்டியுடன் உள்ளவற்றைத் தொடராமை, நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து இயந்திரத்தை நிறுத்தி மிதத்தல் ஆகிய விதிகளைச் சங்கமே வகுத்து, மீறுவோருக்கு அடுத்த முறையை மறுக்கலாம். அரசு ஆணையைவிடச் சொந்த ஊராரின் கட்டுப்பாட்டுக்கு வலிமை அதிகம்.

அரசு செய்யவேண்டியவையும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஓங்கில் இடம்பெற்றிருப்பதால், அதற்குச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்பு இருக்கிறது. 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஓங்கில் பாதுகாப்புத் திட்டம் ஆற்று ஓங்கில்களையும் கடல் ஓங்கில்களையும் ஒருங்கே கருதுகிறது. இவற்றின் பயன் படகுத்துறைவரை எட்டவேண்டும். விசிறிக்குப் பாதுகாப்புக் கூண்டு பொருத்தவும், இரைச்சல் குறைந்த இயந்திரம் வாங்கவும் எளிய தவணையில் கடன் வழங்கலாம். படகோட்டிகளுக்கு ஓங்கிலின் இயல்பையும் பறவைகளின் பெயர்களையும் முறையாகக் கற்பிக்கலாம். ஓங்கில் தென்படாத நாளிலும் சொல்லவும் காட்டவும் செய்திகள் பல உள்ள படகோட்டி, அதனைத் துரத்தவேண்டிய கட்டாயத்துக்கு ஆளாக மாட்டார். படகு வாங்க வசதியில்லாத மீனவருக்கும் வழிகாட்டியாகவோ காவலராகவோ பங்கு கிடைக்கச் செய்வது இன்றியமையாதது. இல்லையேல் ஏரியைக் காக்கும் சுமை எல்லாருக்கும், ஆதாயம் சிலருக்கும் என்றாகிவிடும்.

பயணிகளின் பொறுப்பு

எத்தனை விதிகள் இருப்பினும், அருகே போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்துபவர் பயணியே. அவ்வாறு வற்புறுத்தாதிருப்பதே பயணி செய்யக்கூடிய முதல் உதவி. காலை நேரத்தில் காற்றும் அலையும் அடங்கியிருக்கும். ஓங்கிலின் சாம்பல் முதுகு தட்டையான நீரில் தெளிவாகத் தெரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகளுக்கு ஏற்ற காலம். இரட்டைக் கண்ணாடி ஒன்று இருந்தால் நூறு மீட்டர் தொலைவிலிருந்தே மனநிறைவாகக் காணலாம். கடற்காகங்களுக்குத் தின்பண்டம் வீசுவது அவற்றுக்கு நன்மையன்று. பிளாஸ்டிக் உறைகள் நீரில் விழுந்தால், முகத்துவாரம் வழியே கடலுக்கும் போய்ச் சேரும்.

ஓங்கில் தென்படாமலே திரும்பும் பயணமும் உண்டு. அதை வீண் பயணமென்று எண்ணாத பயணியால்தான் அடுத்து வருபவருக்கு ஓங்கிலைக் காணும் வாய்ப்பு நிலைக்கும். சிலிகாவில் 2000-ஆம் ஆண்டில் மணலை வெட்டிக் கடலுக்கு வழி திறந்தது பொறியியலின் சாதனை. அதன் வழியாக வந்து சேர்ந்த செல்வத்தை ஒருவரையொருவர் முந்தாமல் பகிர்ந்துகொள்வது மக்களின் சாதனையாக வேண்டும். முன்னது சில மாதங்களில் முடிந்தது; பின்னது ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு படகிலும் நடைபெறவேண்டியது.